சாவி யாரிடம்?

சிவமயம்

நேமத்தான்பட்டி,
8.3.2026

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது.   

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பங்காளிகளுக்குப் பொதுவான நம் வளவு வீட்டு விஷயத்தில் வாய்ப்பேச்சு நிற்காது என்பது உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஆளுக்கு ஒன்று கேட்டார்கள் என்று முடியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். படித்தபின் படம் எடுத்து சிங்கப்பூர், ஈப்போ, சென்னைப் பங்காளிகளுக்கும் அனுப்பி வை. வைகாசியில் முன்னோர் படைப்புக்கு எல்லோரும் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத காரியம் இது. பங்குனிக்குள் முடிவாக வேண்டும்.

சென்ற வாரம் ஒரு நாள் மத்தியானம், நம் வீட்டுத் தோட்டத்துச் சுவரை அடுத்த பொட்டலில் யாரோ குப்பைக்குத் தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊரில் தினமும் நடக்கிற சங்கதிதான். அன்றைக்குக் காற்று இருந்தது. குப்பையிலிருந்து காய்ந்த புல்லுக்கு, புல்லிலிருந்து சீமைக் கருவைக்கு என்று தீ தாவிவிட்டது. மேலே பெரிய கொழுந்து ஒன்றும் தெரியவில்லை. சருகுக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து போய், கருவைப் புதர் அகப்பட்ட இடத்தில் மட்டும் குபீரென்று எழும்பியது. பச்சைக் கருவையே படபடவென்று வெடித்து எரிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாசியில் வேம்பு எப்படி இலை உதிர்க்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பின்கட்டுத் தாழ்வாரத்தை ஒட்டி இரண்டு வருஷத்துச் சருகு கணுக்கால் மூழ்கக் கிடக்கிறது. வெளியே எரிந்ததிலிருந்து ஒரு கங்கு சுவரைத் தாண்டிப் போய் அதில் விழுந்துவிட்டது. தெருவில் நின்றவர்களுக்கு நம் வீட்டுக்குள்ளிருந்து புகை வருவதுதான் தெரிந்தது. முன்வாசலும் பூட்டு, பின்வாசலும் பூட்டு. காவல்காரர் மருந்து வாங்கக் காரைக்குடிக்குப் போயிருந்தார். இன்னொரு சாவி சென்னையில் பங்காளி ஒருவர் பீரோவில் இருக்கிறதாம். மோட்டார் போடலாம் என்றால் கரண்ட் இல்லை.

கடைசியில் பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேர் சுவரேறிக் குதித்தார்கள். வேப்பங்குழையை ஒடித்து அடித்தே சருகுத் தீயை அணைத்தார்கள். பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்கு மேலே எட்டிக் கொடுத்தார்கள். 101-க்குச் சொல்லி, காரைக்குடியிலிருந்து தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. வெளியே மிச்சமிருந்ததை அவர்கள் நனைத்து முடித்தார்கள். தாழ்வாரத்துத் தேக்குத் தூண் ஒன்றின் அடி கருத்திருக்கிறது, அவ்வளவுதான் சேதம்.

வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரு வீரர் கேட்டது இரண்டே கேள்வி. “உள்ளே ஆள் இருக்கா? சாவி யாரிடம் இருக்கு?” கூடியிருந்த அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் வீட்டுக்கு மட்டுமல்ல தம்பி, இந்தத் தெருவில் பூட்டிக் கிடக்கிற எந்த வீட்டுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது.

இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பங்காளிகளில் தீக்குப் பயந்து வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நீ ஒருவன்தான். போன வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி கலிபோர்னியாவில் ஈட்டன் காட்டுத்தீ கிளம்பிய ராத்திரி, நீ பாசடீனாவிலிருந்து பாஸ்போர்ட்டும் மருந்தும் அப்பச்சி படமும் வைத்த பையோடு காரில் ஏறியதை வழியிலிருந்தே போனில் சொன்னாய். அந்தப் பை முதல்நாளே வாசலில் தயாராக இருந்தது என்றும் சொன்னாய். காற்று பலமாக வீசப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் எடுத்துவைத்தேன் என்றாய். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பின்னால் செய்திகளைப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

உனக்குப் பக்கத்து ஊர் ஆல்டடீனாவில் நடந்ததைப் பார். தீ கிளம்பியது சாயங்காலம் ஆறேகால் மணி வாக்கில். கிழக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வெளியேறச் சொல்லி அன்று இரவே உத்தரவு போய்விட்டது. மேற்குப் பக்கத்துக்கு அது போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை மூன்று மணிக்கு மேல். ஈட்டன் தீயில் இறந்த 19 பேரில் ஒருவர் தவிர எல்லோரும் அந்த மேற்குப் பக்கத்துக்காரர்கள். பலர் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, 9-ஆம் தேதி, ஏதோ ஒரு பகுதிக்கு மட்டும் போக வேண்டிய எச்சரிக்கை தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுக்க, ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் போனில் அலறியது. உலகத்திலேயே பணமும் கருவியும் அதிகம் உள்ள ஊர்களில் ஒன்று. வேண்டியவருக்குச் சேதி நேரத்துக்குப் போகவில்லை, வேண்டாதவருக்கெல்லாம் போனது.

ஹவாயில் லஹைனா என்கிற ஊரின் கதை இன்னும் மோசம். 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அந்த ஊர் எரிந்து 102 பேர் செத்தார்கள். அங்கே ஊர் முழுக்கக் கேட்கிற சைரன்கள் உண்டு. எதையும் ஒலிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பொறுப்பில் இருந்த அதிகாரி சொன்ன காரணம்: அந்த சைரனைச் சுனாமிக்கு என்றுதான் ஜனங்கள் பழகியிருக்கிறார்கள், கேட்டதும் மலைப்பக்கம் ஓடியிருப்பார்கள், தீ இருந்ததோ அந்தப் பக்கம். அவர் சொன்னது சரியா தப்பா என்று அங்கே இன்றும் சண்டை. எனக்கு அதில் தெரிவது வேறு. இந்தச் சத்தம் கேட்டால் இன்னது, அப்போது இன்ன பக்கம் போக வேண்டும் என்று முன்னாலேயே ஊர் பேசி வைக்காவிட்டால், எத்தனை சைரன் இருந்தாலும் கம்பத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

நமக்கு எதற்கு அமெரிக்கா? நம் குரங்கணி மலைத் தீயையே எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. இதே மாசிக் கடைசி, இதே வறட்சி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வருகிறபோது காய்ந்த புல் சரிவில் தீக்குள் மாட்டிக்கொண்டன. சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது மனிதக் காலால் அதை முந்த முடியாது. மேலே இருக்கிற புல்லை அது முதலிலேயே சுட்டுக் காயவைத்துவிடுகிறது. பயத்தில் பள்ளத்தில் குதித்தவர்களும் உண்டு. முதலில் ஒன்பது பேர் என்று சொன்ன சாவு எண்ணிக்கை, ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக இறந்து 23-இல் போய் நின்றது. விமானப்படை ஹெலிகாப்டர் வருமுன்பே மலையேறிப் போனது குரங்கணி ஜனங்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

பிறகு அரசாங்கம் விசாரணை வைத்தது. அனுமதிச் சீட்டு வாங்கிய பாதை ஒன்று, போன பாதை வேறு என்பது வெளியே வந்தது. அப்படியென்றால் அன்றைக்கு மேலே எத்தனை பேர், எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்பது கீழே இருப்பவர்களிடம் சரியாக இல்லை. ஆள் இருக்குமிடம் தெரியாதபோது எச்சரிக்கையை எந்தத் திசையில் அனுப்புவது? அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை அரசே திறந்தது. முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் பாதை மூடல் என்று இப்போது ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு வருவதற்கு 23 உயிர் போக வேண்டியிருந்தது.

“சாட்டிலைட்டே பார்த்துச் சொல்கிறதே, நாம் எதற்குக் கவலைப்பட வேண்டும்?” என்று நம் சென்னைப் பங்காளி கேட்கிறார். உண்மைதான், சொல்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவீட்டு நிறுவனம் 2004-லிருந்தே செயற்கைக்கோள் காட்டும் சூட்டுப் புள்ளிகளை வைத்து வனத்துறைக்குச் சேதி அனுப்பி வருகிறது. பொதுமக்களும் பதிந்துகொண்டால் குறுஞ்செய்தி வரும். ஆனால் அது காட்டுக்கானது. செயற்கைக்கோள் நாளைக்குச் சில தடவைதான் நம் தலைக்குமேல் போகும். அது பார்க்கிற ஒரு கட்டம், பக்கத்துக்கு 375 மீட்டர். நம் பின்கட்டுச் சருகு எரிந்து முடிய அரைமணி நேரம். செயற்கைக்கோள் அடுத்த சுற்று வருவதற்குள் வீடே இருக்காது.

2023-இல் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் வீறிட்டதே, நினைவிருக்கிறதா? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் செய்த சோதனை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் போனைத் தூக்கித் தெருவிலேயே போட்டுவிட்டார். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ‘சசேத்’ செயலியும் போட்டுக்கொண்டேன். ஆனால் பொட்டலில் எரிகிற குப்பையை டில்லியிலிருந்து யாரும் பார்த்துச் சொல்லப் போவதில்லை. இங்கே இருக்கிற கண்தான் பார்க்க வேண்டும், இங்கே இருக்கிற வாய்தான் சொல்ல வேண்டும்.

முன்னெல்லாம் ஊருக்குச் சேதி சொல்லத் தண்டோரா இருந்தது. ஒரு மனிதரைத் தண்டோரா அடித்துக்கொண்டு போகச் சொல்வது சரியில்லை என்று 2022-இல் அரசு அதை நிறுத்தச் சொன்னது, நல்ல காரியம்தான். ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் கரண்ட் போன மத்தியானத்தில் கோயில் மைக் செட் வேலை செய்யாது. அதனால் கோயில் மணியைத்தான் யோசித்திருக்கிறோம். பூஜை நேரம் இல்லாத நேரத்தில் மணி நிற்காமல் அடித்தால் தீ. கேட்டவர்கள் அவரவர் வீட்டு வயதானவர்களைத் தெருவுக்குக் கூட்டி வந்துவிட்டு, ஆண்கள் ஊரணிப் பக்கம் வந்து சேர வேண்டும். இரண்டு தெருக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். சித்திரைக்குள் ஒருமுறை அடித்துப் பழகிப் பார்க்கப் போகிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புச் சுவரும் எரியாது, நூறு வருஷம் நின்ற வீட்டுக்கு என்ன வந்துவிடும் என்று ஈப்போ அண்ணன் சொல்கிறார். சுவர் எரியாது என்பது சரி. கூரைக்குமேல் ஏறிப் பார்த்தால் கதை வேறு. நாட்டு ஓட்டுக்கு இடையிலெல்லாம் வேப்பஞ்சருகு அடைந்து கிடக்கிறது. மழைத்தண்ணீர் வளவுக்குள் இறங்குகிற தகர வாய் முழுக்கச் சருகும் புறாக்கூடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பர்மாத் தேக்கு. அப்பச்சி காலத்துக்கும் முந்தைய மரம், எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து ஊறிய மரம். இரண்டாம் கட்டு மேல்மாடி அறையில் பழைய கணக்கு நோட்டும் ஓலைப்பாயும் மெத்தையும் அப்படியே கிடக்கின்றன. ஒயரிங் சில இடத்தில் துணி சுற்றியது.

வீடு எப்படித் தீப்பிடிக்கிறது என்று உங்கள் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். வீடுகள் பெரும்பாலும் தீ நேராக வந்து தொட்டு எரிவதில்லை, காற்றில் பறந்து வருகிற கங்கு கூரை இடுக்கிலும் சுவரோரச் சருகிலும் விழுந்துதான் எரிகின்றன என்கிறார்கள். வீட்டுச் சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய பொருள் எதுவும் வைக்காதே என்று கலிபோர்னியாவில் சட்டம் போட்டு விதி வகுத்து வருவதாக நீயே சொன்னாய். போன வாரம் நம் பின்கட்டில் நடந்தது அச்சாக அதுதான்.

நம் வீட்டுக்குப் பலமும் உண்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எந்தப் பக்கம் தீ வந்தாலும் மறுபக்கம் வெளியேறலாம், மறுபக்கம் வண்டி வரலாம். நேரான அகலத் தெரு, வண்டி திரும்ப இடம் உண்டு. உள்ளே கிணறு இருக்கிறது. வீடு கட்டியவர்கள் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பூட்டிவிட்டுச் சாவியைச் சென்னைக்குக் கொண்டுபோனது நாம்தான்.

சட்டம் போட்டால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று நீ நினைக்கலாம். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஜனங்களைப் பார். கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளக்கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே சரணாலயம் அறிவித்தது 1977-இல்தான். பிள்ளைகள் பட்டாசு கேட்டு அழுகிற தீபாவளிக்கே ஓர் ஊர் கட்டுப்பாடாக நிற்க முடிகிறதென்றால், மாசியிலிருந்து ஆடி வரை குப்பைக்குத் தீ வைக்க மாட்டோம் என்று நம் தெரு நிற்க முடியாதா? பேசிப் பார்த்ததில் பெரும்பாலோர் சரி என்கிறார்கள். “முதலில் உங்கள் வீட்டுச் சருகைக் கூட்டுங்கள்” என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். நான் என்ன பதில் சொல்ல?

ஆகையால் பங்காளிகள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியவை இவை.

முதலில் சாவி. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஒவ்வொரு சாவி ஊரிலேயே இருக்க வேண்டும். என்னிடம் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று. முகப்புக் கதவில் எங்கள் இருவர் போன் நம்பரையும் எழுதித் தகட்டில் அடிக்க வேண்டும். பங்காளி அறைகளின் சாவி அவரவரிடமே இருக்கட்டும், அதில் யாரும் கை வைக்கப் போவதில்லை. கேட்பது வாசல் சாவிதான்.

அடுத்தது தோட்டம். சீமைக் கருவையை வெட்டினால் போதாது, வேரோடு தோண்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும். சருகை எரிக்காமல் குழியில் போட்டு மூட வேண்டும். ஓடுகளையும் தகர வாயையும் வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறக்குமுன் ஆள் விட்டுக் கூட்ட வேண்டும். மெத்தையும் பாயும் வேண்டாதவை வெளியே போக வேண்டும். கணக்கு நோட்டில் வைக்க வேண்டியதை நீயே வந்து பிரித்துக் கொடு.

மூன்றாவது தண்ணீரும் கரண்டும். கிணற்றைத் தூர் வாரி, ஒரு சின்ன டீசல் இஞ்சின் வைக்க வேண்டும். தீ என்றால் முதலில் மெயினை இறக்குவோம், அப்புறம் மோட்டார் எப்படி ஓடும்? துணி ஒயரை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். இதற்கு மட்டும்தான் கொஞ்சம் பணம் பிடிக்கும். எலக்ட்ரீஷியனிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன், வந்ததும் குடும்பப் புள்ளிக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்புகிறேன்.

இன்னொன்று, இது பணம் கேட்காத காரியம். நம் இரண்டு தெருவிலும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிற வயதான ஆச்சிமார் யார் யார், மணி அடித்தால் யாரை யார் போய்க் கூட்டி வருவது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். ஆல்டடீனாவில் இறந்தவர்களின் வயதைப் படித்தபின்தான் எனக்கு அது தோன்றியது. ராத்திரியில் காது கேளாதவர்கள், மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மணி கேட்காது, ஆள்தான் போக வேண்டும். அந்தப் பட்டியலை எல்லா வீட்டிலும் போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், அடியில் 101, 112 என்று பெரிதாக எழுதி.

எல்லோருக்கும் நீ சொன்னால் எடுபடும். நான் சொன்னால், ஊரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு வேலை இல்லை என்பார்கள். நீ வீட்டைவிட்டுப் பையோடு கிளம்பியவன், உன் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள்.

அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி பிறக்கிறது. சாவி விஷயத்துக்கு மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சரி என்று சொல்லிவிடு. மற்றதைப் பங்குனிக்குள் பேசி முடித்துச் சொல்.



இப்படிக்கு,
உன் அண்ணன்